சுவருக்கு வெளியே எண்ணெய் சிந்தாது

தாள் ஆலையின் கேன்டீனில் ஒரு நாளைக்கு அறுநூறு பேர் சாப்பிடுவார்கள். அவர்களுக்குச் சமைக்கிற பெண்ணை மேலாளர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லாரும் மாஸ்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் அவள்மேல் வந்த ஒரே புகார், உருளைக்கிழங்கு வறுவல் இரண்டாம் தடவை கேட்பதற்குள் தீர்ந்துவிடுகிறது என்பதுதான். அந்த வறுவலுக்காகச் சரக்கறை மூலையில் இருநூறு லிட்டர் சமையல் எண்ணெய் பேரல் ஒன்று நிற்கும். அது அப்படி நிற்பது குற்றம் என்பது ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

தெரிவித்தவர் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. எண்ணெய்ச் சேமிப்பு இரண்டாம் நிலைத் தடுப்பு விதிகள் என்று அரசு ஒரு புத்தகம் போட்டிருந்தது. எண்ணெய் வைத்திருக்கும் ஒவ்வொரு கொள்கலனையும் சுற்றி ஒரு சுவர் வேண்டும். கொள்கலன் உடைந்தால் உள்ளே இருக்கும் அத்தனை எண்ணெயும், அதற்குமேல் பத்து சதவீதமும், அந்தச் சுவருக்குள்ளேயே நிற்க வேண்டும். நூறு லிட்டருக்கு நூற்றுப்பத்து லிட்டர் இடம். இதை அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, தொழிலாளர்கள் அவருக்கு நூத்திப்பத்து என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அது தெரியும். பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

"இந்தப் பேரல்ல இருக்கிற இருநூறு லிட்டரும் ஒரே நேரத்துல வெளிய வந்தா என்ன செய்வீங்க, மாஸ்டரம்மா?"

"துடைப்பேன் சார்."

"துடைக்கிறது மூன்றாம் நிலை. நான் இரண்டாம் நிலையைக் கேக்கிறேன்."

"முதல் நிலை எது சார்?"

"பேரல்."

"அது நல்லா ஓட்டை ஒடிசல் இல்லாம இருக்கே."

"இருக்கட்டும். முதல் நிலையைப் பத்தி விதியில அதிகம் இல்லை" என்றார் நூத்திப்பத்து. "புத்தகம் பூரா சுவர்தான்."

ஆலையில் எங்கே சிமெண்டு பெயர்ந்தாலும் மாஸ்டரம்மாவின் கணவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கொத்தனார். பேரலைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குச் செங்கல் வைத்து, உள்பக்கம் வழுவழுவென்று பூசி, ஒரே நாளில் வேலையை முடித்தார். மாஸ்டரம்மா காலைத் தூக்கி உள்ளே வைத்தாள், எண்ணெய் பிடித்தாள், காலைத் தூக்கி வெளியே வந்தாள். இதிலொன்றும் பெரிய தொந்தரவில்லை என்று நினைத்தாள்.

நாலு நாள் கழித்து நூத்திப்பத்து அளவு நாடாவோடு வந்தார். குனிந்து, நிமிர்ந்து, கணக்குப் போட்டார். எண்ணெய்க்கு இடம் இருந்தது. மழைக்கு இல்லை.

"இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவை பெய்யுற பெருமழை இருக்கு பாருங்க, அது இன்னைக்கே பெஞ்சா அந்தத் தண்ணியும் எண்ணெயோட சேர்ந்து சுவருக்குள்ள நிக்கணும்."

மாஸ்டரம்மா அண்ணாந்து பார்த்தாள். நூத்திப்பத்தும் பார்த்தார். மேலே கான்கிரீட் கூரையும் அதில் ஒரு மின்விசிறியும் இருந்தன.

"கூரை இருக்கே சார்."

"இருக்கு. ஆனா விதியில இல்லை. 'திறந்தவெளியிலோ பிற இடங்களிலோ'ன்னு போட்டிருக்கு. இது பிற இடம்."

சுவர் முழங்காலுக்கு வந்தது.

மூன்றாவது தடவை அவர் வந்தபோது மாஸ்டரம்மா சுவருக்குள் நின்று எண்ணெய் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்று, இத்தனை நாள் கண்ணில் படாத ஒன்றைப் பார்க்கிறவர்போல அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படியே நில்லுங்க. இந்த நேரம் பேரல் உடைஞ்சா?"

"வெளிய வந்துருவேன் சார்."

"வரலேன்னா?"

"ஏன் வராம இருக்கப்போறேன்?"

"ஏன்னு விதி கேக்கிறதில்லை. நீங்க உள்ள நின்னா, நீங்க அடைச்சுக்கிற இடத்துல எண்ணெய் நிக்க முடியாது. அந்த அளவு எண்ணெய் வெளிய வழியும். உங்க கன அளவு எவ்வளவு?"

மாஸ்டரம்மாவுக்குத் தெரியவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை. பெரிய அண்டாவில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அவளை அதில் இறக்கி, வழிந்த தண்ணீரை அளக்கலாம் என்று நூத்திப்பத்து யோசனை சொன்னார். அவள் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள்.

"சார், அந்த அண்டாவுல பத்தொன்பது வருஷமா எதையெதையோ போட்டு வேக வச்சிருக்கேன். நான் இறங்குறதா இல்லை."

அவர் யோசித்து இறங்கி வந்தார். மனித உடலும் தண்ணீரும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி. ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே எடை தெரிந்தால் போதும். கேன்டீன் தராசு பத்து கிலோவுக்கு மேல் தாங்காது. ஆலையில் வேறு தராசு என்று இருந்தது வாசலில் லாரி எடை போடும் மேடை மட்டும்தான்.

மதியச் சாப்பாட்டு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மாஸ்டரம்மா அந்த மேடையின் நடுவில் போய் நின்றாள். இரண்டு பக்கமும் லாரிகள் நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். முள் அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவே கொஞ்சம் தடுமாறி எண்பதில் நின்றது.

"நான் அறுபத்திமூணு சார்" என்றாள் மாஸ்டரம்மா.

"எண்பதே இருக்கட்டும். அதிகமா வச்சுக்கிறதுதான் பாதுகாப்பு."

சீட்டு அச்சாகி வந்தது. வண்டி எண்: இல்லை. சரக்கு: இதர. எடை: எண்பது. ஓட்டுநர் கையொப்பம் என்ற இடத்தில் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள்.

சாயங்காலம் வீட்டில் கொத்தனார் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"சரக்கு இதர. சரியாத்தான் போட்டிருக்கான். எந்த வகையில சேர்க்கிறதுன்னு எனக்கும் இத்தனை வருஷமா புரியலை."

"சிரிங்க, சிரிங்க. நாளைக்குச் சுவரைத் தூக்கப் போறது நீங்கதான்."

"எவ்வளவு தூக்கணுமாம்?"

"என் அளவுக்கு."

சுவர் இடுப்புக்கு வந்தது. இடுப்பளவுச் சுவரைத் தாண்ட ஏணி வேண்டியிருந்தது. ஏணியின் ஒரு பாதி சுவருக்குள் இருந்ததால் ஏணிக்கும் கன அளவு எடுக்க வேண்டியிருந்தது. குவளைக்கு எடுத்தார்கள். புனலுக்கு எடுத்தார்கள். சுவர் அவள் நெஞ்சுவரை வந்து நின்ற வாரத்தில் பேரலில் எண்ணெய் தீர்ந்தது.

புதுப் பேரலை நாலு பேர் உருட்டிக்கொண்டுவந்து சுவரடியில் நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு பக்கம் இடிச்சு, பேரலை உள்ள வச்சு, திரும்பக் கட்டிரலாம் சார்" என்றார் கொத்தனார்.

"சுவர் இடிஞ்சிருக்கிற நேரத்துல எண்ணெய் உள்ள வரக் கூடாது. சுவர் முழுசா இருந்தாத்தான் வரலாம்."

"முழுசா இருந்தா வர முடியாதே சார்."

"முடியாதுதான்" என்று நூத்திப்பத்து ஒப்புக்கொண்டார். "ஆனா வரலாம்."

இரண்டு நாள் வறுவல் இல்லை. மூன்றாம் நாள் தொழிலாளர்கள் தட்டில் கரண்டியால் தட்ட ஆரம்பித்ததும் நூத்திப்பத்து புத்தகத்தில் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். மூடி போட்டு சீல் வைத்த பதினைந்து லிட்டர் டின்களுக்கு விதி பொருந்தாது. எனவே எண்ணெயை டின்னில் வாங்கி, ஏணியில் ஏறி, சுவருக்கு அந்தப்பக்கம் இறங்கி, பழைய பேரலில் ஊற்றிக்கொள்ளலாம். பிறகு பேரலிலிருந்து பிடித்து, ஏணியில் ஏறி, இந்தப்பக்கம் இறங்கிச் சமைக்கலாம்.

மாஸ்டரம்மா இதை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

"டின்னுல இருந்து நேரா சட்டியில ஊத்திக்கிட்டா என்ன சார்?"

"அப்புறம் பேரல்ல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. பேரலே வேணாம்."

"பேரல் இல்லேன்னா சுவருக்குள்ள என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"பாத்தீங்களா" என்றார் நூத்திப்பத்து. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஒண்ணுமே இல்லாத சுவரை நான் ஆய்வாளர்கிட்ட எப்படிக் காட்டுவேன்?"

அதற்குப் பிறகு மாதம் இரண்டு தடவை பதினான்கு டின்கள் ஏணி ஏறின. ஏறும்போது சிலது கை நழுவி விழுந்து உடைந்தன. எண்ணெய் சுவருக்கு வெளியே தரையில் ஓடியது. மாஸ்டரம்மா துடைத்தாள். அது சிந்தலில் சேராது என்று நூத்திப்பத்து அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

கேன்டீனுக்குப் பின்னால், ஒரு கூப்பிடு தூரத்தில், பாய்லருக்கு வேண்டிய கறுப்பு எண்ணெயின் பெரிய இரும்புத் தொட்டி நின்றது. நாற்பதாயிரம் லிட்டர். அதைச் சுற்றியும் சுவர் உண்டு. ஆலைக்கு வரும் விருந்தினர்களுக்கு நூத்திப்பத்து அந்தச் சுவரைத்தான் முதலில் காட்டுவார். திறந்தவெளி என்பதால் சுவருக்குள் மழைத் தண்ணீர் தேங்கும். அதைப் பக்கத்தில் ஓடுகிற ஓடைக்குள் விட அடியில் ஒரு வால்வு வைத்திருந்தார்கள். தண்ணீர் போனதும் வால்வை மூடிவிட வேண்டும்.

ஒரு வாரம் விடாமல் பெய்த மழை ஓய்ந்த புதன்கிழமை காலை மாஸ்டரம்மா உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டப் பின்பக்கம் போனாள். ஓடைத் தண்ணீர் கறுப்பாக, மெத்தென்று, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் மயில்கழுத்து நிறம் சுழன்றது. அவள் கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடையோடு மேலே நடந்தாள். தொட்டியின் அடித்தட்டு ஓரத்தில் துருப்பிடித்த இடத்திலிருந்து எண்ணெய் கசிந்து சுவருக்குள் இறங்கியிருந்தது. திறந்தே கிடந்த வால்வு அதை ஓடைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.

ஓடை ஆலை மதிலுக்கு அடியில் புகுந்து அவள் குடியிருக்கும் தெருவுக்குப் போகிறது. அந்தத் தெருவில் நாற்பது வீடு. நாற்பது வீட்டுக்கும் ஒரே கிணறு, ஓடைக்கரையில்.

மாஸ்டரம்மா ஓடிப்போய் நூத்திப்பத்தின் அறைக்குள் மூச்சு வாங்க நின்றாள்.

"சார், பெரிய தொட்டி ஒழுகுது. எண்ணெய் ஓடையில போகுது."

நூத்திப்பத்து எழுந்திருக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். "அந்தத் தொட்டிக்கு முதல் தரத் தடுப்புச் சுவர் இருக்கு. அடுத்த வருஷம் வரைக்கும் செல்லும்."

"சுவர் நல்லாத்தான் இருக்கு. எண்ணெய்தான் வெளிய போகுது."

"மாஸ்டரம்மா, பதட்டப்படாம கேளுங்க. எண்ணெய் சுவருக்குள்ள சிந்தலாம். சுவருக்கு வெளிய சிந்த விதியில இடமில்லை."

"அது எண்ணெய்க்குத் தெரியலையே சார். கொஞ்சம் வந்து பாருங்க."

"நான் வந்து பாத்தா அது ஆய்வு. ஆய்வுக்கு அறிக்கை எண் வேணும்." அவர் ஒரு தாளை எடுத்தார். "சிந்தல் எந்தத் தடுப்புக்குள் நிகழ்ந்தது?"

"தடுப்புக்குள்ள இல்லை. ஓடையில."

"ஓடைன்னு இங்க கட்டம் இல்லையே."

"அந்த வால்வையாவது மூடச் சொல்லுங்க சார்."

"மழைத் தண்ணியை விடுறதுக்குத் திறக்கச் சொல்லி ஆணை வந்துச்சு, திறந்தோம். மூடச் சொல்லி வர்ற ஆணை இன்னும் சுத்துல இருக்கு."

"யாரு சுத்துறா?"

"கோப்பு."

மாஸ்டரம்மா அதற்கு மேல் நிற்கவில்லை. கேன்டீனுக்கு வந்து, வறுவல் புரட்டுகிற நீளமான இரும்புக் கரண்டியை எடுத்துக்கொண்டாள். ஏணியின் கால் ஆடுகிறது என்று சரக்கறையில் பூசிக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டாள். "ஏங்க, மணல் மூட்டையைத் தூக்கிட்டு வாங்க. கிணறு போயிரும்." அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. தோளில் ஒரு மூட்டையோடு ஓடிவந்தார்.

வால்வின் சக்கரம் எண்ணெயில் வழுக்கியது. மாஸ்டரம்மா கரண்டிக் காம்பைச் சக்கரத்தின் இடுக்கில் நுழைத்து, உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் போட்டாள். சக்கரம் முனகிக்கொண்டு திரும்பியது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. எண்ணெய் கயிறாகி, நூலாகி, சொட்டாகி நின்றது. கரண்டி வில்லாக வளைந்திருந்தது.

கொத்தனார் மதிலுக்கு அந்தப்பக்கம் போய் ஓடையின் குறுக்கே அதைப் போட்டு, இன்னும் சில மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கினார். தெருவில் வீட்டிலிருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மரக்கடைக்காரர் இரண்டு வண்டி மரத்தூள் கொண்டுவந்து கொட்டினார். பெண்கள் முறத்தாலும் வாளியாலும் கறுப்பை வழித்து, மூடி தொலைந்த பழைய பிளாஸ்டிக் கேன்களில் ஊற்றினார்கள். எட்டு கேன் நிறைந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது எண்ணெயின் முனை கிணற்றுக்கு இருபதடி இந்தப்பக்கம் நின்றிருந்தது. மாஸ்டரம்மா கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து முகர்ந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். அதன்பிறகுதான் கிணற்றடியில் உட்கார்ந்தாள்.

அன்று அறுநூறு பேருக்குச் சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதம்.

வெள்ளிக்கிழமை மெமோ வந்தது. அதில் மூன்று குற்றங்கள். ஒன்று, நிகழாத ஒரு எண்ணெய்ச் சிந்தலை நிகழ்ந்ததாகச் சொல்லிப் பீதி கிளப்பியது. இரண்டு, மேற்படி நிகழாத சிந்தலை நிறுத்தும் பொருட்டு அனுமதியின்றி வால்வை இயக்கியது. மூன்று, ஆலைக்குச் சொந்தமான கரண்டியை வளைத்தது. விசாரணை முடியும்வரை வேலையில் இருக்கலாம். நிரூபணமானால் வேலை இல்லை.

மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். கேன்டீன்ல மிஞ்சின பழைய எண்ணெயை ஓடையில கொட்டிட்டோம்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. எச்சரிக்கையோட முடிச்சிரலாம்."

"நான் கொட்டலையே சார்."

"கொட்டினீங்கன்னு நான் எங்க சொன்னேன்? எழுதிக் குடுங்கன்னுதான் சொல்றேன்."

"அப்போ தொட்டி ஒழுகுறது?"

"எந்தத் தொட்டி?" என்று மேலாளர் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

அன்று ராத்திரி வீட்டில் பேச்சைக் கொத்தனார்தான் ஆரம்பித்தார்.

"எழுதிக் குடுத்துட்டா வேலை நிக்கும்."

"நிக்கும். தொட்டியும் ஒழுகிக்கிட்டே நிக்கும். அடுத்த மழைக்கு ஆணை வரும், வால்வைத் திறப்பாங்க. இந்தத் தடவை இருபதடி. அடுத்த தடவை யாரு அந்தப்பக்கம் தோலைக் கொட்டப் போவா?"

கொத்தனார் மோவாயைச் சொறிந்தார். "தொட்டி ஒழுகுதுன்னு அவங்க வாயால சொல்லணும்."

"அது நடக்கிற காரியமா."

"இல்லைதான்" என்றார். "அந்த எட்டு கேனை வேற கொல்லையில அடுக்கி வச்சிருக்கேன். நாத்தம் தாங்கலை. எங்க கொண்டுபோய்க் கொட்டுறதுன்னும் தெரியலை."

மாஸ்டரம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய், அந்தக் கேன்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விசாரணை செவ்வாய்க்கிழமை காலை கூட்ட அறையில் நடந்தது. நீள மேசைக்கு அந்தப்பக்கம் மேலாளரும் நூத்திப்பத்தும் நடுவில் அரசு ஆய்வாளரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வாளர் முத்திரை, மை, நாலு நிறப் பேனா எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு, முதலில் பேசினார்.

"போன வருஷம் இந்தப் பகுதியில நூத்தி நாப்பது எண்ணெய்ச் சிந்தல். இந்த வருஷம் ரெண்டே ரெண்டு. எப்படி இந்தச் சாதனை? தொட்டிகளை மாத்தினோமா? இல்லை. குழாய்களை மாத்தினோமா? அதுவும் இல்லை. சிந்தல்னா என்னன்னு இலக்கணம் வகுத்தோம். அதுக்குள்ள வராத எதையும் நாங்க சிந்தல்னு ஒத்துக்கிறதில்லை. மிச்சம் இருக்கிற ரெண்டுலயும் ஒண்ணு தேநீர்னு மேல எழுதியிருக்கேன். அது குறைஞ்சிரும். இப்படி ஒரு ஒழுங்கு வந்துக்கிட்டிருக்கிற நேரத்துல ஒரு அம்மா கரண்டியைத் தூக்கிட்டு ஓடினா என்ன ஆகும்? நாளைக்கு ஆளாளுக்கு வால்வை மூட ஆரம்பிச்சிருவாங்க."

மேலாளர் தலையை ஆட்டினார். நூத்திப்பத்து குறித்துக்கொண்டார்.

"எண்ணெய் வந்துச்சுன்னு சொல்றீங்களே, அதுக்கு ஆதாரம் உண்டா?"

"உண்டு சார்" என்று சொல்லிவிட்டு மாஸ்டரம்மா வெளியே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு இருபது லிட்டர் கேன் இருந்தது. அதைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் ஒரு வாய் தளும்பி மெமோவின் நகல்மேல் விழுந்து, மூன்றாவது குற்றத்தை மறைத்தது. அறை முழுவதும் பாய்லர் வாடை பரவியது.

ஆய்வாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "இது பதிவு பண்ணின கொள்கலனா?" என்று கேட்டார்.

"இல்லை சார். அன்னிக்கு ஓடையில வழிச்சது."

"எங்க வழிச்சதுங்கிறது அப்புறம். மூடி இல்லாத, பதிவு இல்லாத கொள்கலன் இருக்கிற அறையில எந்த நடவடிக்கையும் தொடரக் கூடாது. உடனே பதிவு பண்ணணும்."

இதைக் கேட்டதும் நூத்திப்பத்தின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. காலையிலிருந்து அவருக்குப் புரியாத பேச்சாகவே போய்க்கொண்டிருந்தது. இப்போது புரிகிற ஒன்று வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து பதிவுச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, இரண்டு கரித்தாள் வைத்து, முத்து முத்தாக எழுத ஆரம்பித்தார். கொள்கலன்: பிளாஸ்டிக் கேன். கொள்ளளவு: இருபது லிட்டர். எண்ணெயின் வகை. குனிந்து முகர்ந்தார். பாய்லர் எண்ணெய். எண்ணெய் எங்கிருந்து வந்தது.

பேனா நின்றது.

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "தெரியவில்லைன்னு போடுங்க."

"அப்படிப் போட முடியாது சார். எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாத எண்ணெய் கிடைச்சா, தெரியிற வரைக்கும் ஆலையை நிறுத்தணும். விதி முப்பத்தொன்பது."

"கேன்டீன்னு போடுங்க."

"கேன்டீன்ல சமையல் எண்ணெய்க்குத்தான் அனுமதி. அங்க பாய்லர் எண்ணெய் இருந்துச்சுன்னா, உணவுச் சட்டத்துல உங்க பேர்லதான் வழக்கு வரும்."

"அப்போ காலியா விட்டுருங்க."

நூத்திப்பத்து நிமிர்ந்து மேலாளரைப் பார்த்தார். பதினாறு வருட வேலையில் யாரும் அவரிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"காலியாவா?" என்றார்.

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அடுத்த ஆலையில் பன்னிரண்டு மணிக்கு ஒரு சுவர் இருந்தது. "சீக்கிரம் எழுதுங்க. வாடை தலையைச் சுத்துது."

நூத்திப்பத்து மாஸ்டரம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எங்கிருந்துன்னு சொன்னீங்க?"

அவள் அவசரப்படாமல் சொன்னாள். அவர் எழுத எழுத, அடுத்த சொல்லுக்குக் காத்திருந்து சொன்னாள். "பெரிய எண்ணெய்த் தொட்டி. அடித்தட்டு ஓட்டை. வால்வு வழியா ஓடைக்கு."

எழுதி முடித்து, ஒரு தடவை படித்துப் பார்த்து, "ஓட்டை" என்பதில் ஒற்றுப் புள்ளி சரியாக விழவில்லை என்று திருத்தினார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஆய்வாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று பிரதியிலும் முத்திரை குத்தினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதன்பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. அதற்குள் நூத்திப்பத்து பிரதிகளைக் கிழித்துவிட்டார். ஒன்று ஆலைக்கு, ஒன்று ஆய்வாளருக்கு, மூன்றாவது, விதிப்படி, குடிநீர் வாரியத்துக்கு.

குடிநீர் வாரியத்துக்காரர்கள் மூன்றாம் நாளே வந்துவிட்டார்கள். தொட்டியைக் காலி செய்ய வைத்து, அடித்தட்டை மாற்ற வைத்தார்கள். ஓடையை ஆலையே சுத்தம் செய்தது. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து முடிக்கும்வரை தெருவுக்கு ஐந்து வாரம் ஆலையின் செலவில் தண்ணீர் லாரி வந்தது. மாஸ்டரம்மாமேல் இருந்த முதல் குற்றம், சிந்தல் நிகழ்ந்ததாக அரசு முத்திரை விழுந்துவிட்டதால் தானாகவே விழுந்தது. முதல் குற்றம் விழுந்ததும் இரண்டாவது அதன் மேல் நிற்க முடியவில்லை. கரண்டிக்கு மட்டும் எச்சரிக்கை கொடுத்தார்கள்.

கசிவைக் கண்டுபிடித்து முறைப்படி பதிவு செய்ததற்காக நூத்திப்பத்துக்கு ஆலை ஒரு விழா எடுத்துக் கேடயம் கொடுத்தது. இரண்டாம் நிலைத் தடுப்பின் வெற்றி என்று ஆய்வாளர் முக்கால் மணி நேரம் பேசினார். விழாவுக்கு வந்திருந்த எழுநூறு பேருக்கும் மாஸ்டரம்மாதான் சமைத்தாள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் நூத்திப்பத்து கேடயமும் கையுமாகச் சமையலறைக்குள் வந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் வந்து, கேடயத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது தெரிந்தது. மாஸ்டரம்மா அவருக்காகவே தீயைக் கொஞ்சம் குறைத்தாள்.

"மாஸ்டரம்மா, அன்னிக்கு நீங்க அந்தக் கேனைத் தூக்கிட்டு வந்தீங்க இல்ல."

"ஆமா சார்."

"ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்." அவர் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "விதிப்படி அதுக்கு மூடி இருந்திருக்கணும்."

மாஸ்டரம்மா வறுவலை ஒரு புரட்டுப் புரட்டினாள்.

"சரி சார். அடுத்த தடவை மூடி போட்டே கொண்டு வர்றேன்."

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். வாசல்படி வரைக்கும் போனவர் நின்றார்.

"அடுத்த தடவையா?"

அவள் இன்னொரு புரட்டுப் புரட்டினாள். சட்டியில் கண் வைத்திருந்தாள். நூத்திப்பத்து கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேடயத்தைப் பாத்திரம் கவிழ்க்கும் மேடையில் வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து, தொட்டி இருக்கும் பக்கம் வேகமாக நடந்தார்.